மலையகத்தில் மீண்டும் மாதிரி விமானம்: பற்றரியும் சார்ஜரும்

ரேடியோவால் இயக்கப்படும் மின்மாதிரி விமானத்தில் மொத்த எடையின் ஆறில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பற்றரியே பிடித்துக்கொள்கிறது. விமானம் எவ்வளவு நேரம் வானில் நிற்கும், எவ்வளவு விசையோடு மேலேறும், பத்திரமாகத் தரை திரும்புமா என்பதையெல்லாம் பற்றரிதான் முடிவு செய்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் இந்தப் பொழுதுபோக்கை விட்டிருந்து திரும்பி வருபவருக்கு இறக்கையும் வாலும் பழைய முறையிலேயே இருக்கின்றன. பற்றரியும் சார்ஜரும் அடியோடு மாறிவிட்டன. ஊவாவில் இதற்கு மேலும் சில நிலைமைகள் சேர்கின்றன: உயரம், கச்சான் காற்று, பருவமழை, இடி, நெருக்கமான லயங்கள், கொழும்பிலிருந்து உள்ள தூரம். இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எதையும் வாங்க வேண்டும்.

பழைய பெட்டியில் கிடப்பவை

2005க்கு முன் வாங்கிய செட் ஒன்றைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் நிக்கல்-கட்மியம் பற்றரிகள் இருக்கும். சுவீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899இல் உருவாக்கிய வகை இது. ஒரு கலம் 1.2 வோல்ற்று தரும். ரிமோட்டில் எட்டுக் கலங்கள், 9.6 வோல்ற்று, விமானத்தில் ரிசீவருக்கு நான்கு கலங்கள், 4.8 வோல்ற்று. இரண்டுக்கும் சேர்த்து சுவரில் செருகும் சிறிய சார்ஜர் ஒன்று கூடவே வரும். கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை அது ஏறத்தாழ 14 மணி நேரம் கொடுக்கும். பற்றரி நிறைந்ததா என்று பார்க்கவும் அதற்குத் தெரியாது, தானாக நிற்கவும் தெரியாது.

இந்தப் பற்றரிகளை மீண்டும் உயிர்ப்பிக்க முயல்வது வீண். மேலுறையை நீக்கிப் பார்த்தால் கலங்களின் முனையில் வெண்பச்சைப் பொடி படிந்திருக்கும். கறுப்பு வயரின் நுனியை உரித்தால் உள்ளே செம்பு தன் நிறம் இழந்து கருகியிருக்கும். ஈயம் அதில் ஒட்டாது. அந்த அரிப்பு பற்றரியோடு நிற்பதில்லை, வயர் வழியே சுவிட்ச் வரை போகும். ஆகவே பற்றரியை மாற்றும்போது சுவிட்சையும் அதன் வயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய சார்ஜரைப் புதிய லித்தியம் பற்றரியில் ஒரு தடவைகூட இணைக்கக் கூடாது. நிறைந்த பிறகும் மின்னோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும் கருவி லித்தியக் கலத்தை வீங்கவைத்துத் தீயில் கொண்டுபோய் விடும்.

பழைய காலத்து மின்விமானங்கள் ஏன் தள்ளாடின என்பதை ஒரு கணக்கு விளக்கும். 2000 மில்லி அம்பியர் மணி கொண்ட ஏழு நிக்கல்-கட்மியம் கலங்கள் 8.4 வோல்ற்று தந்தன; அடங்கிய சக்தி ஏறத்தாழ 17 வாற்று மணி, எடை ஏறத்தாழ 400 கிராம். இன்றைய மூன்று கல லித்தியம் பொலிமர் பற்றரி, 2200 மில்லி அம்பியர் மணி, 24 வாற்று மணிக்கு மேல் தருகிறது. எடை 180 கிராம் அளவே. கிராமுக்குக் கிராம் மூன்று மடங்கு சக்தி. பெற்றோல், குளோ என்ஜின்களை நம்பியிருந்தவர்கள்கூட மின்மோட்டாருக்கு மாறியதன் காரணம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

இன்றைய வகைகள்

லித்தியம் அயன் பற்றரியை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். மாதிரி விமானத்துக்கு அந்தக் குடும்பத்திலிருந்து மூன்று வகைகள் பயன்படுகின்றன.

முதலாவது, லித்தியம் பொலிமர். எல்லோரும் சொல்வது லிபோ. கலத்தின் பெயரளவு 3.7 வோல்ற்று, நிறைந்தால் 4.2, சுமையின் கீழ் 3.3க்குக் கீழே இறங்கக் கூடாது, 3.0க்குக் கீழே போனால் கலம் கெட்டுவிடும். சேமித்து வைக்கும்போது 3.8 முதல் 3.85 வரை. இந்த எண்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டம் தரும் வலிமை லிபோவுக்கே உண்டு. மோட்டார் வைத்த பயிற்சி விமானத்துக்கு அதுவே பொருந்தும்.

இரண்டாவது, உருளை வடிவ லித்தியம் அயன் கலம். 18650, 21700 என்ற எண்களால் அறியப்படுவது. எடைக்கு ஏற்ற சக்தியில் லிபோவை மிஞ்சும், ஆயுளும் கூடுதல். ஆனால் சாதாரண 18650 கலத்திடம் பத்து அம்பியருக்கு மேல் கேட்பது பொதுவாகச் சரியாகாது. மெதுவாக மிதக்கும் மின்கிளைடருக்கும் ரிமோட்டுக்கும் நல்லது.

மூன்றாவது, லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. கலத்துக்கு 3.2 அல்லது 3.3 வோல்ற்று, நிறைந்தால் 3.6 அளவு. எடை சற்றுக் கூடும். தீப்பற்றும் ஆபத்து மிகக் குறைவு. ரிசீவருக்கு இரண்டு கலப் பற்றரி மிகச் சிறந்த துணை.

நிக்கல்-மெற்றல் ஹைட்ரைட் இன்னும் வழக்கொழியவில்லை. சும்மா வைத்தாலும் மின்னை அதிகம் இழக்காத ரகத்தை 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது. பென்ரோச் அளவுக் கலம் கேட்கும் ரிமோட்டுக்கு அது இன்றும் நம்பகமானது.

எவ்வளவு பெரியது, எத்தனை கலம்

பற்றரியை விமானத்தின் தேவையிலிருந்து கணக்கிட்டு வாங்க வேண்டும். கடையில் கிடைப்பதை வாங்கி விமானத்தில் திணித்தால் எடையும் சமநிலையும் குலையும். பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாற்று போதும். 1.1 கிலோ எடையுள்ள ஃபோம் விமானத்துக்கு 200 வாற்று என்று கொண்டால், மூன்று கல லிபோ சுமையின் கீழ் தரும் ஏறத்தாழ 10.5 வோல்ற்றில் முழு விசைக்கு 19 அம்பியர் வேண்டும்.

2200 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் 80 வீதத்தை மட்டும் பயன்படுத்துவது நல்வழக்கம், அது 1760. சராசரியாக அரை விசையில் 10 அம்பியர் செலவானால் பத்து நிமிடம் வரும். தொடக்கத்தில் ரிமோட்டின் மணியை ஏழு நிமிடத்துக்கு வைப்பது போதும். தரையிறங்கிய பின் சார்ஜர் எத்தனை மில்லி அம்பியர் மணியைத் திரும்பச் செலுத்தியது என்பதே உண்மையான அளவு. 1500 ஏறினால் கணக்கு சரி; 1760ஐத் தாண்டினால் அடுத்த பறப்பில் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

பற்றரியின் மேல் 25சி, 50சி என்று அச்சிட்டிருக்கும் எண் அது தரக்கூடிய மின்னோட்டத்தைக் குறிக்கிறது. 2200க்கு 25சி என்றால் 55 அம்பியர். பல தயாரிப்பாளர்கள் இந்த எண்ணைப் பெருப்பித்து அச்சிடுகிறார்கள். மேற்சொன்ன விமானத்துக்கு வேண்டியது ஒன்பது சி அளவே; 25 அல்லது 30 போட்ட நேர்மையான பற்றரி தாராளம். பெரிய எண்ணுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட ஒரே அளவில் மூன்று பற்றரிகள் வாங்குவது புத்தி. எல்லாவற்றிலும் ஒரே வகைப் பிளக் இருக்க வேண்டும். எக்ஸ்ரி60 வகை இன்று பரவலாகக் கிடைக்கிறது.

உயரமும் காற்றும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1200 மீற்றருக்குச் சற்று மேல், ஹப்புத்தளை 1400க்கு மேல். கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி பதுளையில் ஆறு வீதமும், பண்டாரவளையில் பதினொரு வீதமும், ஹப்புத்தளையில் பன்னிரண்டு, பதின்மூன்று வீதமும் குறைவு. அதே வேகத்தில் சுழலும் புரொப்பெல்லர் அந்த அளவுக்கு இழுவிசையை இழக்கிறது. விமானம் மிதப்பை இழந்து விழும் எல்லை வேகமும் பண்டாரவளையில் ஆறு வீதம் கூடுகிறது. ஆகவே தரையிறக்கமும் வேகமாகவே அமையும்.

குளோ என்ஜின் இந்த உயரத்தில் வலிமை இழக்கும். மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. ஒரு அளவு பெரிய புரொப்பெல்லரைப் பூட்டி, வாற்று மீற்றரில் மின்னோட்டத்தை அளந்து, மோட்டாரின் எல்லைக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டால் இழந்த இழுவிசை திரும்பிவிடும். கூடுதல் நேரம் பறக்கலாம் என்று கனமான பற்றரியை ஏற்றுவது மட்டும் இங்கே எதிர்விளைவைத் தரும். மெல்லிய காற்றும் கூடிய எடையும் சேர்ந்தால் தேயிலை மலையின் சரிவில் விமானத்தைத் திருப்புவதே சிரமமாகிவிடும்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் இந்தக் காற்று மாதிரி விமானத்தின் பற்றரியை விரைவாகக் குடித்துவிடும். எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்கே பாதிச் சக்தி போய்விடலாம். ஏழு நிமிட மணியை ஐந்துக்குக் குறைப்பது அந்த மாதங்களின் நியதி. அதே காற்று பத்தனைப் புல்வெளிச் சரிவுகளில் மோதி மேலெழும் இடங்களில் மோட்டார் இல்லாத கிளைடர் வெகுநேரம் பறக்கும். அதற்கு ரிசீவர் பற்றரி ஒன்றே போதும். 1100 மில்லி அம்பியர் மணி கொண்ட இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி, சராசரி 0.3 அம்பியர் செலவில், 80 வீதத்துக்குள் மூன்று மணி நேரத்தை நெருங்கும். செலவு குறைவாகத் திரும்பிவர விரும்புபவருக்கு ஊவா மலை தரும் வழி இது.

ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துக் காலைக் குளிரில் லிபோவின் உட்தடை கூடி விசை மந்தமாகும். பற்றரியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்து பறக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். வெல்லவாய, மொனராகலைப் பக்கத்தில் நிலைமை நேரெதிர். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் பற்றரியை விட்டுவைத்தால் அதன் ஆயுள் அங்கேயே கரைந்துவிடும்.

ரிசீவரும் ரிமோட்டும்

திரும்பி வருபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. 35, 40, 72 மெகாஹேர்ட்ஸ் காலத்து ரிசீவர் வோல்ற்றளவு ஒரு கணம் தாழ்ந்தாலும் உடனே மீண்டு விடும். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிசீவர் ஒரு சிறு கணினி. வோல்ற்றளவு அதன் எல்லைக்குக் கீழே இறங்கினால் அது அணைந்து மறுபடி தொடங்கும். பழைய மாதிரிகளில் மறுஇணைப்புக்குச் சில விநாடிகள் பிடிக்கும். தாழப் பறக்கும் விமானத்துக்கு அந்த விநாடிகள் போதும், தரையில் மோத.

நான்கு சேர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று, நான்கு அம்பியர் கேட்கும். நான்கு கல 4.8 வோல்ற்றுப் பற்றரி அந்தச் சுமையில் சரியும். ஐந்து கல 6 வோல்ற்று நிக்கல் பற்றரியோ, 6.6 வோல்ற்று இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியோ வைப்பது பாதுகாப்பு. சேர்வோ அந்த வோல்ற்றளவைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் விமானத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே ரிசீவருக்கும் 5 வோல்ற்று கொடுக்கும். அது எத்தனை அம்பியர் தாங்கும் என்பதை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

9.6 வோல்ற்றுக்கு அமைந்த பழைய ரிமோட்டில், நிறைந்தால் 12.6 வோல்ற்று வரும் மூன்று கல லிபோவைப் பூட்டக் கூடாது. எட்டு நிக்கல்-மெற்றல் ஹைட்ரைட் கலங்களே அதற்குப் பாதுகாப்பான மாற்று. ரிமோட்டின் சார்ஜ் துளையில் மையமுனை சில கம்பனிகளில் நேர், சிலவற்றில் எதிர். சில ரிமோட்டுகளின் உள்ளே டயோடு இருப்பதால் புதுவகைச் சார்ஜர் பற்றரியை அறிய முடியாது. பற்றரியைக் கழற்றி வெளியே வைத்து ஏற்றுவது இரண்டு சிக்கலையும் தீர்க்கும்.

சார்ஜர்

நல்ல சார்ஜருக்கு ஐந்து தகுதிகள் வேண்டும். நிக்கல், லிபோ, லித்தியம் அயன், இரும்பு பொஸ்பேற்று என்ற எல்லா வகைக்கும் தனித்தனித் தெரிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தையும் தனியாக அளந்து சமப்படுத்தும் வசதி வேண்டும். சேமிப்பு வோல்ற்றளவுக்குக் கொண்டுவரும் தெரிவு வேண்டும். உட்தடையைக் காட்ட வேண்டும். வீட்டின் 230 வோல்ற்றிலும் வாகனத்தின் 12 வோல்ற்றிலும் இயங்க வேண்டும்.

வலுவையும் கணக்கிட வேண்டும். மூன்று கல 2200 பற்றரியை ஒரு மணி நேர அளவில் ஏற்ற 12.6 வோல்ற்று, 2.2 அம்பியர், 28 வாற்று. 50 வாற்றுச் சார்ஜர் தாராளம். நான்கு கல 5000 பற்றரிக்கு 84 வாற்று வேண்டும். பின்னால் பெரிய விமானத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே 80 அல்லது 100 வாற்று வாங்குவது மலிவு.

ஏற்றும் முறை எளிது, வரிசை தவறக் கூடாது. முதலில் பெரிய பிளக், அடுத்து மெல்லிய வயர்கள் கொண்ட சமநிலைப் பிளக். திரையில் 3.76, 3.75, 3.77 என்று மூன்று கலங்களும் தனித்தனியே தெரியும். லிபோ, மூன்று கலம், 2.2 அம்பியர் என்று தெரிவு செய்ததும், சார்ஜர் தான் கண்டறிந்த எண்ணிக்கையையும் கேட்ட எண்ணிக்கையையும் பக்கம்பக்கமாகக் காட்டும். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும். முதலில் மின்னோட்டம் 2.2இல் நிலைத்து வோல்ற்றளவு ஏறும், கலங்கள் 4.2ஐத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். பத்தில் ஒரு பங்காகியதும் சார்ஜர் ஒலியெழுப்பி நிற்கும். ஒரு கலம் மற்றவற்றிலிருந்து 0.1 வோல்ற்றுக்கு மேல் விலகி நின்றால், அல்லது உட்தடை புதிதில் இருந்ததைப்போல் இரட்டித்தால், அந்தப் பற்றரியின் பறக்கும் காலம் முடிந்தது.

பிரபலமான சார்ஜர்களுக்கு அச்சுஅசலான போலிகள் சந்தையில் ஏராளம். முதல் ஏற்றம் முடிந்ததும் மல்டிமீற்றரால் ஒவ்வொரு கலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். 4.20 வந்தால் சரி. 4.25 காட்டினால், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் அந்தச் சார்ஜரைப் பாவிக்கக் கூடாது.

கரண்டும் இடியும்

மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் ஊவாவில் பிற்பகல் இடிமழை வழக்கம். இந்த மாதங்களில் காலையிலேயே ஏற்றி முடித்துப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்; சுவிட்சை அணைத்தால் போதாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நீளும் மழையில் பறப்பு குறையும்போது பற்றரிகளை 3.8 வோல்ற்றில் வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பது அவற்றின் ஆயுளைக் காக்கும். நிறைந்த நிலையில் வாரக்கணக்காகக் கிடக்கும் லிபோ வீங்கும்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அப்படியான நாட்களிலும் மைதானத்திலும் 12 வோல்ற்று வசதி கைகொடுக்கும். 80 வீதம் செலவான ஒரு 2200 பற்றரியை நிரப்ப, சார்ஜரின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 25 வாற்று மணி வேண்டும். 45 அம்பியர் மணிக் கார் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் ஏழு பற்றரிகள் நிறையும். 5 அம்பியர் மணி மோட்டார் சைக்கிள் பற்றரியில் அதே பங்கை எடுத்தால் ஒன்றுகூட நிறையாது. வண்டிதான் மலைப்பாதையில் நின்றுவிடும்.

லயத்தில் பாதுகாப்பு

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்தில் தீ ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. ஒரு காம்பராவில் பற்றினால் கூரை மரம் வழியே வரிசை முழுவதற்கும் ஓடும். ஆகவே லிபோவைக் காம்பராவுக்குள் ஏற்றவே கூடாது. இஸ்தோப்பின் சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள் பற்றரியை வைத்து, அருகில் மணல் வாளியோடு, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏற்ற வேண்டும். தூங்கும் நேரத்தில் ஏற்றுவது அறவே கூடாது. பழைய தேயிலைப் பெட்டி, கொழுந்துச் சாக்கு, துணி மூட்டை ஆகியவற்றில் பற்றரியை வைக்கக் கூடாது. மூடியுள்ள உலோகப் பெட்டி நல்லது. புகை வெளியேற மூடி இறுக்கமில்லாமல் இருக்க வேண்டும். பற்றரி வீங்கினாலோ இனிப்பான வாடை வந்தாலோ கரண்டைத் துண்டித்து, சட்டியோடு திறந்த வெளிக்கு அப்புறப்படுத்த வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது.

வாங்குதலும் அகற்றுதலும்

பொருட்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையிலோ வந்து சேர்கின்றன. பயணிகள் விமானங்களில் லித்தியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேசத் தடை உண்டு. பயணி கொண்டுவரும் உதிரிப் பற்றரி கைப்பையிலேயே இருக்க வேண்டும், முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். 100 வாற்று மணி வரை பொதுவாக அனுமதி; 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. மூன்று கல 2200 பற்றரி 24 வாற்று மணி, நான்கு கல 5000 பற்றரி 74. இரண்டும் எல்லைக்குள் அடங்கும். ரேடியோக் கருவி இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும், பறப்புக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடமும் நடப்பு விதிகளைக் கேட்டறிவது கடமை. இராணுவக் கல்லூரியும் விமானப்படை முகாமும் உள்ள தியத்தலாவைப் பக்கத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

கட்மியம் நஞ்சு. பழைய பற்றரியைத் தேயிலை மலையிலோ ஓடையிலோ எறிந்தால் அது பீலித் தண்ணீரில் வந்து சேரும். செத்த லிபோவை 12 வோல்ற்று வாகனப் பல்பு ஒன்றில் இணைத்து, திறந்த வெளியில் முற்றாக வடியவிட்டு, பிளக்கை வெட்டி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

செலவின் வரிசை இப்படி அமையட்டும்: முதலில் நம்பகமான சமநிலைச் சார்ஜர், அடுத்து மல்டிமீற்றர், பிறகு ஒரே அளவிலான மூன்று பற்றரிகள், விமானம் கடைசியில். நல்ல சார்ஜர் பல விமானங்களைத் தாண்டி உழைக்கும், ஒரு லயத்தையே காக்கவும் செய்யும். ஊவாவில் மீண்டும் ரிமோட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் முதல் ரூபாயைச் சார்ஜருக்கே ஒதுக்க வேண்டும்.